கடல் கடந்த கல்வி: முன்னோர் பயணங்களும் நம் பிள்ளைகளின் முன்னேற்பாடும்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை அது கடல் கடந்த வகையினை வைத்தே ஒருவாறு எழுதிவிடலாம். விற்கப்பட்டுக் கடந்தார்களா? கூலிகளாகக் கடந்தார்களா? மாணவர்களாகக் கடந்தார்களா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முற்பட்டால் ஏறத்தாழ நானூறு ஆண்டு வரலாறு நம் கண்முன் விரியும்.

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், நம் பிள்ளைகள் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியுள்ளனர். கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்து இரும்பு ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாய் உழைப்பவரின் மகனும், திருவள்ளூர்ப் பக்கத்து வயல்களில் நாற்று நடுபவரின் மகளும் அவர்களுள் அடங்குவர். இது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு முன்னரே சென்று வந்த மாமனோ, சிற்றப்பனோ, தமையனோ உண்டு. எந்தத் தாளை எப்போது கேட்க வேண்டும், எதனைப் பெட்டியில் வைக்க வேண்டும், எதனை மடியில் வைக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லித் தருவர். நம் பிள்ளைக்கு அத்தகைய மூத்தோர் இல்லை. எனவே வரலாற்றையே மூத்தோனாகக் கொண்டு அதன் வாயால் சில செய்திகளைக் கேட்டறிதல் நம் கடமையாகிறது.

பழவேற்காட்டுக் கரையில்

முதற்பாடம் நம் மாவட்டத்துக் கடற்கரையிலேயே உள்ளது. பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613ஆம் ஆண்டில் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய வாணிகத்திற்கு அதுவே நெடுங்காலம் தலைமையிடமாக இருந்தது. துணி வாங்க வந்த அந்த வணிகர்கள் மனிதர்களையும் வாங்கினர். பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சம் தலைவிரித்தாடிய காலங்களில், பசியால் நலிந்த மக்கள் அடிமைகளாக விலை பேசப்பட்டனர். இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியா முதலிய இடங்களுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவ்வாறு இக்கரையினின்று சென்றோர் பல்லாயிரவர் ஆவர்.

இன்று பழவேற்காட்டுக்குச் சுற்றுலா செல்வோர் டச்சுக் கல்லறைகளைக் கண்டு திரும்புகின்றனர். கப்பலேற்றப்பட்ட நம்மவர்க்கு அங்கு ஒரு கல்லும் இல்லை. எங்குச் செல்கிறோம், யாரிடம் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்னும் மூன்றையும் அறியாமற் சென்ற பயணம் அது. ஒரு பயணம் எவ்வாறு இருத்தல் கூடாது என்பதற்கு அதனினும் கொடிய சான்று வேண்டுவதில்லை.

கைநாட்டும் கையொப்பமும்

அடுத்து வந்தது ஒப்பந்தக் கூலிக் காலம். 1860ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னைத் துறையினின்று 'துரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டு, நவம்பர் 16ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் தர்பன் நகரை அடைந்தது. நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற முதற்கூட்டம் அதுவே. மொரீசியசு, பிஜி, மலேயா எனத் தோட்டங்கள் பெருகப் பெருக ஆட்களும் அனுப்பப்பட்டனர். தமிழகத்தினின்று சென்றோருள் ஒடுக்கப்பட்ட மக்கள் பெருந்தொகையினர்.

இம்முறை தாள் இருந்தது, ஒப்பந்தம் இருந்தது, ஐந்தாண்டு என்னும் கெடுவும் இருந்தது. ஆனால் அத்தாளைப் படிக்கும் எழுத்தறிவு, கைநாட்டு இட்டவரிடம் இல்லை. ஆள் பிடிப்போர் வாயாற் சொன்னதே அவர்க்கு ஒப்பந்தமாயிற்று. வேலைக்கு வராத நாளுக்குத் தண்டனை உண்டு என்பதைத் தோட்டத்திற்குச் சென்ற பின்னரே பலர் அறிந்தனர். இம்முறையில் ஆள் அனுப்புவது 1917ஆம் ஆண்டில்தான் இந்தியாவில் நிறுத்தப்பட்டது.

இதே காலத்தில் நம்மவருள் ஒருவர் வேறொரு நோக்கத்துடன் கடல் கடந்தார். திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் நாமெல்லாம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தினர். அம்மாவட்டத்துக் கோழியாளம் என்னும் ஊரில் தோன்றியவர் இரட்டைமலை சீனிவாசன். 1893இல் இதழ் தொடங்கி மக்கள் குறைகளை எழுதிய அப்பெருமகனார், அவற்றை இலண்டனிலேயே எடுத்துரைக்கும் எண்ணத்துடன் புறப்பட்டார். ஆயினும் தென்னாப்பிரிக்காவிலேயே பல ஆண்டுகள் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்ற நேர்ந்தது. 1921இல் தாயகம் திரும்பினார். அவர் இலண்டனில் கால் வைத்தது 1930ஆம் ஆண்டில், அண்ணல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டின் பேராளராக! மனவுறுதி எத்துணை இருப்பினும், வழிச்செலவும் துணையும் உறுதியாகாத பயணம் இலக்கினை அடைய எத்துணைக் காலம் பிடிக்கும் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது.

அண்ணலின் முதற்பயணம்

கல்விக்காகக் கடல் கடந்த நம்மவருள் தலையாயவர் டாக்டர் அம்பேத்கர். அவர் பெற்ற பட்டங்களை நாம் மேடைதோறும் அடுக்குகிறோம். அப்பட்டங்களுக்குப் பின்னால் இருந்த பயண ஏற்பாடுகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

1912இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தேறினார். 1913 தொடக்கத்தில் பரோடா அரசுப் பணியிற் சேர்ந்தார். சேர்ந்த சின்னாட்களிலேயே, பிப்ரவரி 2ஆம் நாள், தந்தையாரை இழந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்கா சென்று பயில உதவித்தொகை வழங்க முன்வந்தார். திங்களுக்குப் பதினொன்றரைப் பவுன், மூன்றாண்டுக் காலம். அதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் பத்தாண்டுகள் பரோடா அரசிற் பணியாற்ற வேண்டும். அந்த ஒப்பந்தத்தில் 1913 ஜூன் 4ஆம் நாள் அவர் கையொப்பமிட்டார். கைநாட்டு வைத்துச் சென்ற மக்களின் வழித்தோன்றல், தானே படித்துப் பார்த்துக் கையொப்பமிட்டுக் கடல் கடந்த நாள் அது. ஜூலைத் திங்களில் நியூயார்க் சேர்ந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே 9ஆம் நாள் இந்தியாவின் சாதிகள் பற்றிய ஆய்வுரையைக் கருத்தரங்கொன்றில் படித்தார். தங்கும் விடுதியில் நாவல் பதேனா என்னும் பார்சி மாணவர் நண்பரானார். அந்நட்பின் பயனைப் பின்னர்க் காண்போம்.

மூழ்கிய பெட்டிகள்

1916இல் அண்ணல் இலண்டன் சென்று, பொருளியல் கல்லூரியிலும், வழக்கறிஞர் கல்விக்குரிய கிரேஸ் இன் நிறுவனத்திலும் சேர்ந்தார். படிப்பு முற்றுப்பெறுமுன் உதவித்தொகைக் காலம் முடிந்தது. திரும்பியாக வேண்டிய நிலை. அப்போது அவர் செய்த செயல் ஒவ்வொரு மாணவரும் மனங்கொள்ளத்தக்கது. மனம் நொந்து புறப்பட்டுவிடாமல், நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடர இலண்டன் பல்கலைக்கழகத்திடம் முறையாக அனுமதி பெற்றுக்கொண்டார். அந்த அனுமதி இல்லையேல் பின்னாளைய பட்டங்களும் இல்லை.

1917இல் முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அண்ணல் பிரான்சு நாட்டு மார்சேல் துறையிலிருந்து ஒரு கப்பலில் வந்தார். நூல்கள் அடங்கிய பெட்டிகள் தாமசு குக் நிறுவனத்தின் வாயிலாக வேறொரு கப்பலில் அனுப்பப்பட்டன. அக்கப்பல் பகைவரின் நீர்மூழ்கிக் குண்டுக்கு இரையாயிற்று. அண்ணல் ஆகஸ்டுத் திங்களில் நலமே பம்பாய் சேர்ந்தார். பெட்டிகள் கடலடியிற் போயின. ஆனால், உரிய முறையில் ஒப்படைத்த பொருளாதலின் இழப்பீடு கிடைத்தது. உயிர்ப்பொருளை உடன் கொண்டு செல்க. மற்றவற்றைச் சீட்டுப் பெற்று ஒப்படைக்க என்பதே இதன் பாடம்.

ஒப்பந்தப்படி அவர் பரோடாவுக்குப் பணியேற்கச் சென்றார். நியூயார்க்கிலும் இலண்டனிலும் தங்க அறை கிடைத்த அப்பேரறிஞருக்குத் தம் தாய்நாட்டு நகரில் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் தம் பிறப்பை மறைத்துத் தங்கினார். சில நாட்களில் தடியேந்திய கூட்டம் சூழ்ந்து வெளியேற்றியது. பொதுப்பூங்காவில் அமர்ந்து பொழுதைப் போக்கி, பம்பாய்க்கு வண்டியேறினார். பயணம் என்பது சென்று சேர்வதோடு முடிவதில்லை. திரும்பி வந்து நிலைபெறும் வரை தொடர்வது என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

பின்னர் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிச் சிறுகச் சிறுகச் சேமித்தார். கோலாப்பூர் மன்னரும் துணை நின்றார். விடுதித் தோழர் பதேனா ஐயாயிரம் ரூபாய் கடன் தந்தார். 1920இல், இலண்டன் தந்த கெடு தீருமுன், மீண்டும் கப்பலேறினார். 1921இல் எம்.எஸ்சி., 1922இல் வழக்கறிஞர் தகுதி, 1923இல் டி.எஸ்சி. என ஒவ்வொன்றாக வந்தன. அறிவு அவருடையது, அவ்வறிவு வீணாகாமற் காத்தவை முறையாகப் பெற்ற ஓர் அனுமதியும், ஒரு நண்பரின் கடனும் ஆகும்.

துறைமுக எழுத்தரின் பயணம்

முன்னேற்பாடு முழுமையாக இருந்தும் ஒன்று விடுபட்டால் என்னாகும் என்பதற்குக் கணித மேதை இராமானுசன் சான்று. அவர் நம் சமுதாயத்தவர் அல்லர்; ஆயினும் வறுமையை அறிந்தவர்; சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தராக இருந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை அளித்ததுடன் கப்பற் கட்டணமும், உடை முதலியவற்றிற்கான தொகையும் தந்தது. உதவித்தொகையின் ஒரு பகுதி குடும்பத்தாருக்குச் செல்லவும் ஏற்பாடாயிற்று. 1914 மார்ச் 17ஆம் நாள் 'நெவாசா' கப்பலில் புறப்பட்டார். இலண்டனில் இறங்கியபோது நெவில் என்னும் கேம்பிரிட்ஜ் ஆசிரியர் காத்திருந்து அழைத்துச் சென்றார். இதனினும் சிறந்த வரவேற்பு எவர்க்குக் கிட்டும்?

எனினும் குளிரும், போர்க்கால உணவுத் தட்டுப்பாடும், சைவ உணவன்றிப் பிறிதுண்ணா உறுதியும், தாமே சமைத்து நேரந்தவறி உண்ட வழக்கமும் சேர்ந்து அவர் உடலை உருக்கின. 1917இல் நோயுற்றார். காசநோய் எனக் கருதி மருத்துவம் செய்யப்பட்டது. வேறொரு நோயாக இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதுகின்றனர். 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரான பெருமகன் 1919இல் மெலிந்த உடலுடன் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில் மறைந்தார், வயது முப்பத்திரண்டு. பணமும் பெருமையும் துணையிருந்தும், உணவுக்கும் உடல்நலத்துக்கும் உரிய ஏற்பாடு பின்தங்கியது.

உரிமையும் உதவியும்

அண்ணல் முதன்முறை சென்றபோது கடவுச்சீட்டு கட்டாயமாக இருக்கவில்லை. முதல் உலகப் போரில்தான் அது கட்டாயமாயிற்று. 1920இல் இந்தியாவில் அதற்கெனச் சட்டமும் வந்தது. வெளிநாடு செல்வது தனிமனித உரிமையின் ஒரு பகுதியே என்று உச்ச நீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே கடவுச்சீட்டு அதிகாரிகள் மனமிரங்கித் தரும் சலுகையன்று. சட்டப்படி கேட்டுப் பெறும் உரிமை.

உதவித்தொகையும் ஒரு மன்னரின் அருளாக இருந்த நிலை மாறிற்று. உழவூர்க் குடிசையிற் பிறந்த கே.ஆர். நாராயணன் 1945இல் டாட்டா அறக்கட்டளையின் துணையுடன் இலண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார்; 1997இல் குடியரசுத் தலைவரானார். வைஸ்ராய் ஆட்சிக்குழுவில் அண்ணல் அமர்ந்திருந்த காலத்தில், 1944இல், பட்டியல் சாதி மாணவர்க்கு மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கப்பெற்றது. 1954-55இல் மைய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை வந்தது. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், ஆண்டு வருமானம் எட்டு இலட்சத்துக்கு உட்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பத்து மாணவர்க்கு ஆண்டுக்கு 36 இலட்ச ரூபாய் வரை வழங்க இடமுண்டு.

இவை பெரும்பேறு. ஆயினும் விதிகளை ஆண்டுதோறும் படித்தல் வேண்டும். 2022இல் மைய அரசுத் திட்டத்தில் இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகள் விலக்கப்பட்டன. அவ்விதி 1916இல் இருந்திருப்பின், சாதி பற்றி அண்ணல் படித்த ஆய்வுரைக்கே உதவித்தொகை கிடைத்திராது! 2025இல் தேர்வுபெற்ற 106 பேருள் முதலில் 40 பேருக்கே கடிதம் சென்றது. ஏனையோர்க்கு நிதி ஒப்புதலைப் பொறுத்தே என்று கூறப்பட்டது. எனவே பட்டியலில் பெயர் கண்டதும் விமானச் சீட்டு வாங்குவது அறிவுடைமையாகாது. ஆணை கையில் வந்தபின் வாங்குக.

பெயரும் பிறந்த நாளும்

இனித் தாள்களைப் பற்றிக் கூறுவேன். இதில் பள்ளித் தலைமையாசிரியனாகிய எனக்கு நேரடி அறிவு உண்டு. அயல்நாட்டுப் பயணத்தின் முதல் தாள் கடவுச்சீட்டு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகும். பழைய பதிவேடுகளைப் புரட்டுவோர், மே, ஜூன் மாதங்களிலேயே பெரும்பாலான பிள்ளைகள் பிறந்திருப்பதைக் கண்டு வியப்பர்! பிறப்புச் சான்று இல்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சேர்க்கை நாளே பிறந்த நாளை முடிவு செய்தது. பதிவேட்டில் ஒரு நாள், பின்னர்ப் பெறும் பிறப்புச் சான்றில் வேறொரு நாள் என்றிருப்பின் கடவுச்சீட்டு அலுவலகத்தில் அல்லல் தொடங்கும்.

பெயரும் அவ்வாறே. நம் வழக்கில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னெழுத்தாக நிற்கும். அயல்நாட்டுப் படிவமோ குடும்பப்பெயர் எது என்று கேட்கும். மதிப்பெண் சான்றில் ஒரு வகை, ஆதாரில் ஒரு வகை, சாதிச் சான்றிதழில் ஒரு வகை, கடவுச்சீட்டில் ஒரு வகை என எழுத்து மாறினால், நான்கும் ஒருவரே என்று மெய்ப்பிப்பதற்குள் கல்வியாண்டு தொடங்கிவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் அனுப்பும் நாளில், பெற்றோரை அழைத்து எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதே வெளிநாட்டுப் பயணத்தின் முதல் முன்னேற்பாடு.

வழியில் உள்ள இடர்கள்

அக்காலத்து ஆள் பிடிப்போர் மறைந்துவிடவில்லை. குளிரூட்டிய அறையில் அமர்ந்து முகவர் என்னும் பெயர் பூண்டுள்ளனர். 2023இல், கனடா சென்ற இந்திய மாணவர் பலரின் சேர்க்கைக் கடிதங்களே போலி என்று தெரியவந்து, அவர்கள் நாடு கடத்தப்படும் அச்சத்துக்கு ஆளாயினர். குற்றம் முகவருடையது, துன்பம் மாணவருடையது. எனவே எவர் கடிதம் தரினும், பல்கலைக்கழகத்துக்கு நேரே எழுதி உறுதி செய்த பின்னரே பணம் கட்டுதல் வேண்டும்.

உடல்நலத்திலும் கருத்து வேண்டும். ஆறு திங்களுக்கு மேல் தங்க இங்கிலாந்து செல்லும் இந்தியர் காசநோய்ச் சோதனைச் சான்று பெறவேண்டும். மஞ்சட்காய்ச்சல் உள்ள நாடுகளுக்குப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னரேனும் தடுப்பூசி இடல் வேண்டும். கிண்டி கிங் நிலையத்தில் அதற்கு ஏற்பாடு உண்டு. மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானமேறுதல் கூடாது. இராமானுசனை நினைவிற் கொண்டு, சமைக்கக் கற்றுக்கொண்டும் செல்க.

கடல் கடந்தால் சாதி கழியும் என்பதும் முற்றும் உண்மையன்று. நம் நாட்டவர் சென்ற இடமெல்லாம் அதுவும் சென்றுள்ளது. அதனாலன்றோ அமெரிக்காவில் பிராண்டைசு பல்கலைக்கழகம் 2019இலும், கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தன? 2023இல் சியாட்டில் நகரமும் அவ்வாறே சட்டம் செய்தது. செல்லும் பல்கலைக்கழகத்தில் அத்தகைய விதி உண்டா, முறையீட்டை யாரிடம் தருவது என்பதை முன்கூட்டியே அறிந்து செல்லும் மாணவர் பரோடாவில் அண்ணல் நின்றதுபோல் தனித்து நிற்க வேண்டியதில்லை.

போரும் கலகமும் நம்மைக் கேட்டு வருவதில்லை. 2022இல் உக்ரைனில் மருத்துவம் பயின்ற பல்லாயிரம் இந்திய மாணவர் திடீரெனப் போரிடையே சிக்கினர். இந்திய அரசு விமானங்களை அனுப்பி அழைத்து வந்தது. சென்று சேர்ந்த வாரத்திலேயே இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிந்துகொள்வது சிறு வேலை. இடர் வந்த நாளில் அதன் அருமை விளங்கும்.

சங்கம் செய்யத்தக்கவை

இவற்றையெல்லாம் ஓர் ஏழைப் பெற்றோர் தனியே அறிந்து செய்தல் அரிது. ஆதலின் நம் சங்கம் நான்கு பணிகளை மேற்கொள்ளலாம் என முன்மொழிகிறேன்.

முதலாவது, ஒன்பதாம் வகுப்பிலேயே நம் பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், சாதிச் சான்று ஆகியவற்றை ஒப்பிட்டுத் திருத்தும் முகாம் ஒன்றை ஆண்டுதோறும் நடத்துதல்.

இரண்டாவது, சிறு சுழல்நிதி ஒன்றை அமைத்தல். உதவித்தொகை பின்னர் வரும். ஆனால் கடவுச்சீட்டுக் கட்டணமும், ஆங்கிலத் தேர்வுக் கட்டணமும், மருத்துவச் சோதனைச் செலவும் முன்னர் வரும். இந்த இடைவெளியிலேயே நம் பிள்ளைகள் வட்டிக்காரரிடம் சிக்குகின்றனர். அண்ணலுக்கு ஒரு பதேனா கிடைத்தார். நம் பிள்ளைகளுக்குச் சங்கமே பதேனாவாக வேண்டும்.

மூன்றாவது, கையொப்பமிடுமுன் ஒவ்வொரு உறுதிமொழிப் பத்திரத்தையும் பெற்றோருக்குத் தமிழில் படித்துக் காட்டச் சட்டம் அறிந்த ஒருவரை அமர்த்துதல்.

நான்காவது, அயல்நாடு சென்று வந்த நம்மவரின் பதிவேடு ஒன்றைத் தொடங்குதல். எந்த ஊரில் யார் உளர், விமான நிலையத்தில் யார் காத்திருப்பர், திரும்பி வந்தால் எங்கு வேலை தேடலாம் என்பன அதில் இடம்பெறட்டும். இன்று அதன் பக்கங்கள் வெறுமையாக இருக்கலாம். முதற்பெயரை எழுதினாற்றானே இரண்டாம் பெயர் வரும்?

பழவேற்காட்டுக் கரையினின்று பெயரறியாது சென்ற மக்களின் பேரப்பிள்ளைகள், தம் பெயர் பிழையின்றிப் பொறித்த கடவுச்சீட்டுடன், தாமே படித்துக் கையொப்பமிட்ட தாள்களுடன், கற்கச் சென்று நலமே திரும்பும் நாள் வரவேண்டும். அத்தகையோரின் கட்டுரைகள் நம் சங்கத்தின் பொன்விழா மலரை நிறைக்கட்டும் என வாழ்த்தி அமைகிறேன்.